முதல் பனிச்சறுக்குப் பயணம்: குல்மார்க் செல்வதா, அவுலி செல்வதா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் பொங்கலை ஒட்டி 8 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பனிமலைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், 68 வயதான என் தாயார் என நால்வர் செல்கிறோம். ஊட்டியின் உறைபனியைத் தவிர வேறு பனியைக் கண்டதில்லை. பனிச்சறுக்குப் பலகையில் எங்களில் எவரும் கால் வைத்ததும் இல்லை. மகனுக்கு அதை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். சறுக்காத தாயாருக்கும் அந்த நாட்கள் வீணாகப் போய்விடக் கூடாது.

காஷ்மீரிலுள்ள குல்மார்க், உத்தராகண்டிலுள்ள அவுலி ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய இயலவில்லை. 2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு தாயாருக்குக் காஷ்மீர் என்றாலே தயக்கம் இருக்கிறது. சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓசூர்வாசி:

வணக்கம் ஐயா. இரண்டு இடங்களுக்கும் சென்றிருக்கிறேன். 8 நாள் மட்டுமே கையில் இருப்பதால், குல்மார்க்கைத்தான் பரிந்துரைப்பேன். அதற்கு முதற்காரணம் சாலை.

நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலையில் பெங்களூரு விமான நிலையத்துக்குப் புறப்பட்டால், டெல்லி வழியாக மாலைக்குள் ஸ்ரீநகரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். தங்மார்க்கிலிருந்து மேலே ஏறும் கடைசி 13 கிலோமீட்டரில் பனி கிடந்தால், சக்கரத்தில் சங்கிலி பூட்டிய உள்ளூர் வண்டிக்கு மாறிக்கொள்ள வேண்டியிருக்கும். அவுலிக்கோ, டேராடூனில் இறங்கிய பிறகு ரிஷிகேஷிலிருந்து அவுலியின் அடிவார ஊரான ஜோஷிமட் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் மலைப்பாதை. அது ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று கழித்தால், உங்கள் மகன் பலகையில் நிற்கப்போவது எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

குல்மார்க் என்றதும் எல்லோரும் கொண்டோலா என்னும் கேபிள் காரைப் பற்றித்தான் பேசுவார்கள். அதன் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்கிறது. உலகெங்கிலுமிருந்து தேர்ந்த சறுக்கு வீரர்கள் அதற்காகவே வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி சமன்படுத்தப்படாதவை, பனிச்சரிவு அபாயமும் உள்ளவை. புதுப்பனி விழுந்த பிறகு அவற்றை மூடியும் வைப்பார்கள். முதன்முறை கற்பவருக்கு அங்கே வேலையே இல்லை. 2,650 மீட்டரில், கிண்ணம் போன்ற புல்வெளியில் அமைந்த தாழ்ந்த சரிவுகளை வைத்துத்தான் நீங்கள் குல்மார்க்கை எடைபோட வேண்டும். மகனுக்கு அவை தாராளமாகப் போதும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தாயாரின் தயக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். புறப்படும் வாரத்து அரசு அறிவிப்புகளைப் பார்த்து முடிவெடுக்க வசதியாக, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளையே செய்யுங்கள்.

பாலக்கோட்டு ஆசிரியை:

ஓசூர்வாசி சொன்ன சாலைக் கணக்கை மறுக்க முடியாது. ஆயினும் கற்பதுதான் முதல் நோக்கம் என்று நீங்களே எழுதியிருப்பதால் அவுலிக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் அரசு நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. மாணவன் ஒரே பயிற்றுநரிடம் நாள்தோறும் படிப்படியாகக் கற்கலாம். குல்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கியதுமே சறுக்குவண்டி இழுப்பவர்களும் வழிகாட்டிகளும் சூழ்ந்துகொள்வார்கள். நாளுக்கொரு பயிற்றுநரிடம் போய் நின்றால் பிள்ளைக்கு எதுவும் படியாது. அவுலி சிறிய இடம். சரிவின் ஓரத்தில் அமர்ந்தபடியே தாயார் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்; எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி தெரியும்.

அடிவாரத்திலுள்ள ஜோஷிமட்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்னும் திவ்யதேசம் என்று கொள்ளப்படுகிறது. பத்ரிநாதர் கோயில் நடை சாத்தியிருக்கும் குளிர்காலத்தில் அவருக்கான வழிபாடு அங்குள்ள நரசிம்மர் கோயிலில் நடைபெறுகிறது. தாயாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்குச் செல்லும் ரோப் கார், 2023 ஜனவரியில் அங்கே நிலம் தாழ்ந்து வீடுகளில் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டமிடாமல், சாலை வழியாகச் செல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் மருத்துவர்:

தாயாருக்காக ஒரு சொல். எங்கே சென்றாலும் முதல் நாள் முழு ஓய்வு கொடுங்கள். குல்மார்க் என்றால், கொண்டோலாவின் முதல் கட்டமான கோங்டூரியோடு அவர் திரும்பிவிடட்டும். இரண்டாம் கட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். சிறிது நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்வது, இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களுக்கு உகந்ததல்ல. புறப்படுவதற்கு முன் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அவர்கள் திருப்பிரிதி என்று எழுதியதைப் படித்துக் காட்டியதும் தாயாரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பத்ரிநாதர் கோயில் திறந்திருக்கும் கோடையில் சென்றால் இரண்டு திவ்யதேசங்களையும் ஒரே பயணத்தில் சேவிக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே இந்த ஜனவரிக்குக் குல்மார்க், திரும்பப் பெறத்தக்க முன்பதிவோடு. மகனுக்கு ஒரே பயிற்றுநரை அத்தனை நாட்களுக்கும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுகிறேன். பனி இல்லாமல் போகும் வாய்ப்பு உண்டா?

ஓசூர்வாசி:

உண்டு. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் புல்வெளி வறண்டே கிடந்தது. முடிந்தால் பொங்கலை விட்டுக் குடியரசு நாளை ஒட்டி விடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பனி படிந்திருக்கும் வாய்ப்பு கூடும். அரையாண்டு விடுமுறையில் செல்வதைவிட இரண்டுமே மேல்.

ஸ்கீ பூட்ஸை வாடகைக்கு எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் விலகி, குதிகால் அசையாமல் பதிந்திருக்க வேண்டும். காலுறை ஒன்றே ஒன்றுதான். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், விழுந்து எழுந்ததுமே நனைந்துவிடும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே இயங்காது என்பதால், ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும்.