"குறை உண்டா?" என்று கேட்டால் பதில் வராது

தங்கச்சிமடம் டீச்சர்:

எங்கள் கடற்கரையில் ஜெயில் என்றால் யாழ்ப்பாணமும் வவுனியாவும்தான் ஞாபகத்துக்கு வரும். இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டவர்களுக்காகச் சாலையில் உட்காருவோம். யார் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதே தெருப் பெண் ஒருத்தி நம் ஊர்ச் சிறைக்குப் போய்விட்டால் மட்டும் பேச்சு மூச்சு இராது. "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடுவார்கள்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் இலவச சட்ட உதவி செய்யும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். நாங்கள் போகிற மகளிர் சிறை, பஸ்ஸில் நான்கு மணி நேரம். எது என்று சொல்லப்போவதில்லை. நல்ல காவலர்களும் அங்கே உண்டு. முதல் முறை போனபோது, வரிசையாக நின்றவர்களிடம் "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டேன். வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டே முப்பது வருடம் பழகிய வாய். "ஒன்றும் இல்லை அம்மா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். காவலர் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நோட்டில் 'குறை இல்லை' என்று எழுதிக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை, பார்த்து வெட்கப்படட்டும் என்றுதான்.

அடுத்த முறை கேள்வியை மாற்றினேன். "கடைசியாக உங்களுக்கு மனு வந்தது எப்போது?" (சிறையில் சந்திப்புக்குப் பெயரே மனுதான்.) மண்டபம் பக்கத்துப் பெண் ஒருவர், கடல் பாசி எடுக்கிறவர், விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அழுதார். சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கணவர் கொண்டுவந்த கடல் அட்டையை (கடலடியில் ஊரும் ஓர் உயிரினம்) கொல்லையில் அவித்துக் காயவைத்ததற்கு வழக்கு. 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்ந்து இருக்கிறது. கணவர் தலைமறைவு. வீட்டு மின் இணைப்பு இவர் பெயரில் இருந்ததால் மாட்டிக்கொண்டார்.

ஜாமீன் கிடைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அது அவருக்கே தெரியாது. சொத்துச் சான்றோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்பது உத்தரவு. புறம்போக்கில் குடிசை போட்ட தெருவில் பட்டாவுக்கு எங்கே போவது? ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 31.1.2023 அன்று சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவை வக்கீல் கையில் கொடுத்தேன். ஜாமீன்தாரர் இல்லாமலே, சொந்த ஜாமீனில் அந்தப் பெண் வெளியே வந்துவிட்டார். அவருடைய ஜாமீன் உத்தரவு நாற்பது நாளாக யார் கண்ணிலும் படாத தாள்!

கீழக்கரை, ஓய்வு பெற்ற செவிலியர்:

டீச்சர், நானும் மருத்துவ முகாமுக்காகப் போயிருக்கிறேன். "மாதம் எத்தனை நாப்கின் தருகிறார்கள்?" என்று கேட்டால் பதிவேட்டில் உள்ள எண்ணையே ஒப்பிப்பார்கள். "போன மாதம் தீர்ந்துபோனபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பேன். போர்வை ஓரத்தைக் கிழித்ததாக ஒருவர் சொன்னார். பதிவேடு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. 2010-இல் பெண் கைதிகளுக்காக ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகளில் ஐந்தாவது, நாப்கினை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. தீரும்போது யாரிடம் கேட்பது என்கிற கூச்சத்துக்கு விதி இல்லை.

இன்னொன்று, கண்ணாடி. உள்ளே வரும்போது சோதனையில் வாங்கி வைத்த வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒரு அம்மாளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதற்குள் மூன்று தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். என்ன தாள் என்று கேட்டேன். "வெள்ளைத் தாள்" என்றார்.

ஆண் அதிகாரிகள் நிறைந்த குழுவோடு போன நாளில் எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. பார்வையிடும் குழுவில் பெண்கள் இருந்தாக வேண்டும் என்று அதே பாங்காக் விதிகளில் 25-ஆவதை எழுதியவர்கள் எங்கேயோ நேரில் பட்டிருக்க வேண்டும்.

தொண்டிப் பக்கம், பெயர் வேண்டாம்:

நான் உள்ளே இருந்தவள். மகள் தட்டச்சு செய்கிறாள்.

நீங்கள் வருவது முந்தின நாளே எங்களுக்குத் தெரிந்துவிடும். பினாயில் வாசம் வரும், சாம்பாரில் காய் தென்படும். நீங்கள் கேள்வி கேட்கும்போது நாங்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்போம். ஒருமுறை ஒருத்தி தண்ணீர் போதவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுவதும் கழிவறை கழுவும் முறை அவளுக்கே வந்தது.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. ஆறு வயது வரை தாயோடு வைத்துக்கொள்ளலாம். பாலும் முட்டையும் கொடுத்தார்கள், பொய் சொல்லக் கூடாது. வெளியே வந்து ஒரு வருடமாகியும், பொழுது சாய்ந்தால் அவனே போய் வீட்டுக் கதவைச் சாத்துகிறான்.

என்னோடு இருந்தவளுக்குச் சிறையில் இருக்கும்போதே குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதாமே, எங்களுக்கு எப்படித் தெரியும்? பார்க்க வந்த ஒரு அம்மா சான்றை வாங்கிப் படித்துவிட்டு, திருத்தித் தரும்வரை மூன்று முறை வந்தார். பன்னிரண்டு மாதத்தில் நான் இரண்டாம் முறை பார்த்த முகம் அவர் ஒருவருடையதுதான். அவரிடம்தான் என் கதையைச் சொன்னேன்.

தங்கச்சிமடம் டீச்சர்:

நான் முதல் முறை போய்விட்டு அடுத்ததாகப் போனது ஏழு மாதம் கழித்து. தொண்டித் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன்.

வருகிற செவ்வாய் போகிறேன். அதற்கடுத்த மாதமும் செவ்வாய்தான். கீழக்கரை லாத்தா, கண்ணாடிகள் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தால் உள்ளே கொடுக்க அனுமதி கேட்டுப் பார்ப்போம். காலை ஐந்தரைக்கு ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.