புதுப்பிப்பு: அப்பாவுக்குக் கதிர்வீச்சு முடிந்து புண் ஆறிவிட்டது

82 வயது அப்பாவின் மூக்கோரத் தோல் புற்றுக்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று ஆடியில் கேட்டிருந்தேன். கதிர்வீச்சைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

வந்திருந்தது பேசல் செல் வகை, அதாவது தோல் மேலடுக்கின் அடிச் செல்களில் தொடங்கும் புற்று. பெரும்பாலும் மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் விட்டுவைத்தால் அந்த இடத்தையே அரித்துவிடும். பரு என்று ஓராண்டு விட்டுவைத்தோம். அது இன்னும் மனதை உறுத்துகிறது. வெட்டி எடுப்பதே பொதுவாக முதல் வழி. ஆனால் அப்பாவுக்கு இதயம் பலவீனம், மூக்கில் தையல் போடவும் தோல் போதாது என்றார் மருத்துவர்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு வாரம் 5 நாள் பஸ், மொத்தம் 20 அமர்வுகள். கண்ணுக்கு ஈயத் தகட்டு மறைப்பு. ஒவ்வொரு அமர்வும் சில நிமிடங்கள்தான், வலியே இல்லை. மூன்றாம் வாரத்தில்தான் கஷ்டம்: தோல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியது. அப்பா கண்ணாடி பார்க்கவே மறுத்தார். சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் பொருக்கு உதிர்ந்து, கீழே வெளிறிய புதுத்தோல்.

இளவயதினருக்கும் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கு இதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து அங்கேயே வேறு புற்று வர வாய்ப்புண்டு. அதே இடத்தில் மறுபடி கதிர் கொடுப்பதும் கடினம்.

இன்று காலை அப்பா தலைத்துண்டோடு சம்பா வயலுக்குப் போனார். வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டார்.