வீட்டுக்கு வெளியே சார்ஜ் செய்தபோது நீங்கள் கண்டது என்ன?

நீலவண்டி:
மின்சார ஸ்கூட்டரோ மின் மிதிவண்டியோ வைத்திருப்பவர்கள், பொது இடங்களில் சார்ஜ் செய்தபோது பார்த்ததை இங்கே எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

ஒரு வாகன நிறுத்துமிடத்தின் கீழ்த்தளத்தில் இருசக்கர வண்டிகளுக்கென்று வரிசையாகச் சாக்கெட் பொருத்தியிருந்தார்கள். ஒன்றில் பிளக்கைச் செருகினால் பிடிப்பே இல்லாமல் ஆடியது. ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. உடனே உருவிவிட்டேன். பக்கத்தில் வண்டியை நிறுத்தியவர், "கரண்ட் வருகிறதே, ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். கரண்ட் வருவது வேறு, அதைப் பல மணி நேரம் தாங்குவது வேறு. 750 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இழுக்கும். ஆனால் மூன்று யூனிட் கொள்ளும் பேட்டரி என்றால், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் இழுக்கும். வண்டியின் சொந்தக்காரர் அந்த நேரம் முழுக்க வேறெங்கோ இருப்பார்.

காவலாளியிடம் சொன்னேன். அக்கறையோடு கேட்டார், அதன் மேல் ஒரு தாளை ஒட்டினார். பிறகொரு நாள் போனபோது தாள் இல்லை, அதே சாக்கெட் அப்படியே இருந்தது. எனக்கு அவர் மேல் கோபமில்லை. பழுதைச் சொல்ல ஒரு தொலைபேசி எண்கூட எழுதி வைக்காமல் அந்த இடத்தைத் திறந்துவிட்டார்களே என்பதுதான் கோபம்.

மின்பணியாளர்:
நீங்கள் உருவியது மிகச் சரி. இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு பராமரிப்பு வேலைக்குப் போன இடத்தில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஸ்கூட்டர்கள் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. சுவரில் செருகியிருந்த பிளக்கைத் தொட முடியவில்லை, அத்தனை சூடு. கணக்கு எளியது. மூன்று வண்டியும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். தளர்ந்த தொடர்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், அந்த ஒரு புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கும். விரல்நுனி அளவுகூட இல்லாத பித்தளைப் பட்டையில் 10 வாட்! சூட்டில் பட்டையின் இறுக்கம் குறையும், தடை ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, டிரிப் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. அது பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. இங்கே ஓடுவது அளவுக்கு உட்பட்ட 10 ஆம்பியர்தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) பார்ப்பது கசிவை, கசிவு இல்லாதவரை அதுவும் சும்மா இருக்கும். ஆள் ஷாக் அடித்துச் சாகாமல் காப்பது அதன் வேலை, அதற்காக அது கட்டாயம் வேண்டும். ஆனால் கருகும் பிளக்கைக் கண்டுபிடிக்க உங்கள் கைதான் கருவி. செருகி இருபது நிமிடம் கழித்துப் புறங்கையால் பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை இழுக்க வைத்தால் அங்கே சார்ஜ் செய்யாதீர்கள். சுருட்டிய வயரோடு எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தவும் வேண்டாம். சுருளுக்குள் சூடு தங்கிவிடும்.

சாலைக்காற்று:
நான் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் வேலையில் இருக்கிறேன், மின் மிதிவண்டி ஓட்டுகிறேன். எங்களைப் போன்றவர்கள் கூடிச் சார்ஜ் செய்யும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒருவருடைய சார்ஜர் செத்துப் போயிற்று. என் சார்ஜரைக் கேட்டார். "முனை பொருந்துகிறது, அரை மணி நேரம் போதும்" என்றார். முனை பொருந்தியது உண்மைதான். ஆனால் அவருடையது 36 வோல்ட் பேட்டரி, என்னுடையது 48. 36 வோல்ட் பேட்டரியில் பத்து செல்கள் தொடராக இருக்கும், முழுதாக நிரம்பினால் 42 வோல்ட். என் சார்ஜர் 54.6 வரை ஏற்றும். தர மறுத்தேன். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை துண்டித்துவிடும் என்று வாதாடினார். துண்டிக்கலாம். பழைய பேட்டரியில், யாரோ பிரித்துப் பழுது பார்த்த பேட்டரியில், அந்தப் பலகை வேலை செய்கிறதா என்று யார் உறுதி சொல்வது? அவர் என்னோடு பேசாமல் போய்விட்டார். அன்று வருமானம் போன ஒருவரின் முகம் அது, மறக்க முடியவில்லை. இருந்தாலும் என் முடிவு மாறாது. இரண்டுமே 48 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் போதாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 16 செல் வைத்தால் 58.4 வோல்ட் வரை போகும். சார்ஜரில் அச்சிட்ட வெளியீட்டு வோல்ட்டைப் படிக்காமல் எதையும் எதிலும் செருகக் கூடாது.

எங்களைக் குறை சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடம் இல்லாதவன்தான் தூங்கும் அறையில் பேட்டரியைச் சார்ஜ் போடுகிறான். நியூயார்க்கில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், யு.எல். 2849 என்ற மின் பாதுகாப்புத் தரத்துக்குச் சான்று பெறாத மின் மிதிவண்டிகளின் விற்பனைக்கு அந்த நகரம் தடை போட்டது. 2024-இல் எங்களைப் போலப் பொருள் கொண்டு சேர்க்கும் பணியாளர்களுக்காகத் தெருவோரச் சார்ஜிங் அலமாரிகளைச் சோதனையாக நிறுவியது. தடை மட்டும் போட்டு நிறுத்தாமல் இடமும் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் வேண்டும்.

அந்திமல்லி:
ஓர் அலுவலகக் கட்டடத்தில் சார்ஜிங் இடத்தைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஆள்கள் வெளியே ஓட வேண்டிய ஒரே வழி அது! லித்தியம் பேட்டரி எரிந்தால் முதலில் வருவது நச்சுப்புகை. அணைந்ததுபோல் தெரிந்தும் மீண்டும் பற்றும். நாங்கள் பலர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்த பிறகு வெளிச்சுவருக்கு மாற்றினார்கள். உங்கள் கட்டடத்தில் இப்படி இருந்தால் தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள்.

கரிசல்:
பணம் செலுத்தும் க்யூ.ஆர். கட்டத்தின் மேல் வேறொரு க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன், கையோடு வந்துவிட்டது. செயலிக்குள்ளிருந்தே நிலையத்தின் எண்ணைப் போட்டுப் பணம் செலுத்துவது நல்லது.

நீலவண்டி:
மின்பணியாளர் அவர்களே, ஒரு சந்தேகம். திறந்த வெளிச் சாக்கெட்டில் மழைத் தூறலில் சார்ஜ் செய்யலாமா? என் வண்டியின் பேட்டரியில் ஐ.பி. 67 (தூசியும் நீரும் புகாமல் காக்கும் அளவு) என்று போட்டிருக்கிறது.

மின்பணியாளர்:
அந்த எண் பேட்டரிக்கு மட்டும்தான். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். கையோடு கொண்டுபோகும் சார்ஜர் பலவற்றில் "உள்ளறைப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றே அச்சிட்டிருக்கும், கூடவே ஒரு வீட்டுப் படம் இருக்கும். சாக்கெட்டுக்கு மூடி இருந்தாலும், பிளக்கைச் செருகிய பின் அந்த மூடி மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் மூடாது. கூரை இல்லையென்றால் மழை விட்ட பிறகு, சாக்கெட் முழுதாக உலர்ந்ததும் செருகுங்கள்.