ட்ராமடாலிலிருந்து மார்ஃபின்: 0.1ஆல் பெருக்குவதா, 0.2ஆலா?

இரவுப்பணி:
58 வயதுப் பெண், முழங்கால் தேய்மானம், நாள்பட்ட முதுகுவலி. வலிமருந்து ட்ராமடால் 100 மி.கி. நாளுக்கு 4 வேளை, கூடவே மனச்சோர்வு மருந்து செர்ட்ராலின். வலி அடங்கவில்லை. வாய்வழி மார்ஃபினுக்கு மாற்றலாமா என்று யோசனை. ஓர் அட்டவணைப்படி (0.1ஆல் பெருக்கி) நாளுக்கு 40 மி.கி., இன்னொன்றில் (0.2ஆல்) 80. எதை எடுப்பது?

மருந்துப்பெட்டி:
80ஐ மறந்துவிடுங்கள். 0.2 என்பது சிடிசியின் (அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம்) 2022 வழிகாட்டுதலில் உள்ளது. ஆபத்தை எடைபோடத்தான் அந்த எண், மருந்து மாற்ற அல்ல என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். ட்ராமடாலை கல்லீரலின் சிஒய்பி2டி6 நொதி மாற்றினால்தான் அதன் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வேலை நடக்கும். அந்த நொதி மந்தமானவருக்கு 400 மி.கி. விழுங்கியும் உடம்பு மார்ஃபினுக்குப் புதுசு. அதில் 80 கொடுத்தால் மூச்சு மந்தமாகும்.

40இல் 25 முதல் 50 சதவீதம் கழியுங்கள். வருவது 20–30 மி.கி. சாதாரண மாத்திரையில் 4 மணிக்கொருமுறை 5 மி.கி.க்கு மேல் தொடங்க வேண்டாம். இடையில் வலி எகிறினால் நாள் மொத்தத்தில் பத்தில் ஒன்றிலிருந்து ஆறில் ஒரு பங்கு. மருந்தை மெதுவாக விடும் 12 மணிநேர மாத்திரை, டோஸ் நிலைத்த பிறகுதான். அதை நசுக்கினால் முழு டோஸும் ஒரேயடியாக இறங்கும்.

இன்னொன்று: ட்ராமடாலை நிறுத்திய முதல் சில நாள் படபடப்பு, உடம்பில் குத்தல் வரலாம். அது ட்ராமடால் மூளையில் ஏற்றிவைத்த செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இறங்குவது. 'மார்ஃபின் பத்தலை' என்று டோஸை ஏற்றிவிடுவது வழக்கமான தவறு.

வார்டுக்குறிப்பு:
மார்ஃபினின் முதல் டோஸோடு சென்னா அல்லது பைசகோடைல் மலமிளக்கி. குமட்டல் ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. இசப்கோல் மட்டும் கொடுத்தால் நகராத குடலில் கட்டிக்கொள்ளும். சில நாள் போகாமல் இருந்துவிட்டு திடீரெனத் தண்ணீராகப் போனால் சென்னாவை நிறுத்திவிடுவார்கள். பல சமயம் அது கெட்டி மலத்தைச் சுற்றிக் கசிவதுதான். ஆசனவாய்ப் பரிசோதனை செய்யாமல் முடிவெடுக்க வேண்டாம்.

சந்தேகப்பிராணி:
மார்ஃபின் எதற்கு என்பதே என் கேள்வி. 2018இல் வெளிவந்த ஸ்பேஸ் ஆய்வில் இதே மாதிரி முதுகு, மூட்டுவலிக்காரர்கள் 240 பேர். 12 மாதத்தில் ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு ஓபியாய்டு அல்லாத மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. செர்ட்ராலினுக்குப் பதிலாக, வலிக்கும் உதவும் மனச்சோர்வு மருந்து டுலாக்செடின் பார்த்தீர்களா? பதிலாகத்தான், இரண்டும் சேர்த்து அல்ல. ட்ராமடால் ஓடும்போது டுலாக்செடினும் செரட்டோனினை ஏற்றும், அதையும் கணக்கில் வையுங்கள். சரி, கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு?

இரவுப்பணி:
2.4.

மருந்துப்பெட்டி:
இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா! அந்த வயதுப் பெண்ணுக்கு ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 23 வாக்கில் வரும், மிகக் குறைவு. மேலே நான் போட்ட மார்ஃபின் கணக்கு செல்லாது. மார்ஃபினின் கழிவுப்பொருள்கள் வெளியேறாமல் தேங்கி, தூக்கக் கலக்கம், கைகால் வெடுக்கென்று உதறல், பிறகு மூச்சடங்கல் என்று போகும். இந்த அளவில் டுலாக்செடினும் வேண்டாம். ட்ராமடாலே 12 மணிக்கொருமுறை, நாளுக்கு 200 மி.கி.தான் உச்சம். செர்ட்ராலினோடு 400 என்றால் வலிப்புக்கும் வாய்ப்பு அதிகம். இன்றே மருத்துவரிடம் சொல்லி ட்ராமடாலைப் படிப்படியாக இறக்கத் தொடங்குங்கள். ஓபியாய்டு வேண்டியே தீருமென்றால், இறக்கிய பிறகு புப்ரெனார்ஃபின் 7 நாள் ஒட்டுப்பட்டை, மணிக்கு 5 மைக்ரோகிராம். 72 மணிநேரத்துக்குள் கூட்டக் கூடாது, பட்டைமேல் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. தூக்க மாத்திரை ஏதும் போகிறதா என்றும் பாருங்கள்.