அம்மாச்சி பிறந்த தேதி

குழு: கோத்தகிரி குடும்பம்

குமார்: எல்லாரும் பாருங்க. அம்மா பேருக்கு இன்கம்டாக்ஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. பிடிஎஃப் திறந்தா பாஸ்வேர்டு கேக்குது

முருகேசன்: எந்த அம்மா

குமார்: நம்ம அம்மாதாண்ணே

செல்வி: ஐயோ

முருகேசன்: தொடாதே. கட்டபெட்டுல ஒருத்தர் இப்படித்தான் ரீஃபண்ட்னு லிங்க்கை அமுக்கி பணம் போச்சாம்

குமார்: அம்மா தவறிட்டாங்கன்னு அந்த மெயிலுக்கே பதில் போட்டுட்டேன். இறப்புச் சான்றையும் சேர்த்து அனுப்பினேன்

செல்வி: நல்லதுதானே தம்பி

விக்கி: சின்ன மாமா, அந்த ஐடி அனுப்புறதுக்கு மட்டும்தான். பதில் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. முதல்ல அனுப்பினவங்க முகவரி பாருங்க, கடைசியில இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்னு முடியணும். அது மட்டும் போதாது, உள்ள டிஐஎன்னு ஒரு நம்பர் இருக்கும். 2019 அக்டோபர்ல இருந்து அவங்க அனுப்புற நோட்டீஸ்ல அது இருக்கணும். மெயில்ல வர்ற லிங்க்கை விட்டுட்டு, நாமளே போர்ட்டலுக்குப் போய் அந்த நம்பரைப் போட்டா உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடும். அப்ப நம்ம போனுக்கு ஓடிபி வரும், அதை அங்க போடலாம். மெயில்லயோ போன்லயோ யாராவது ஓடிபி, கார்டு நம்பர் கேட்டா மட்டும் தராதீங்க

முருகேசன்: பச்சைத் தேயிலை வித்த காசுக்குமா வரி

விக்கி: இல்ல பெரிய மாமா, கொழுந்து வித்தா விவசாய வருமானம். நாமளே ஃபேக்டரி வச்சுத் தூளாக்கி வித்தாத்தான் அதுல 40 சதவீதம் வரிக்கு வரும். இது அம்மாச்சி டெபாசிட் வட்டியில பேங்க் முன்கூட்டியே பிடிச்ச வரி, டிடிஎஸ்

முருகேசன்: என்ன டெபாசிட்

செல்வி: அண்ணே இப்ப வேண்டாம்

கூடலூர் மாமா: இன்று பிரதோஷம். அனைவருக்கும் இனிய காலை வணக்கம்

குமார்: பாஸ்வேர்டு என்னன்னு சொல்லு விக்கி

விக்கி: பான் நம்பர் பத்தும், அதுல எழுத்தெல்லாம் சின்ன எழுத்து. இடைவெளி விடாம பிறந்த தேதி எட்டு இலக்கம். ஆதார் பிடிஎஃப்னா வேற, பேரோட முதல் நாலு எழுத்து பெரிய எழுத்துல, அப்புறம் பிறந்த வருஷம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க

குமார்: பான் நம்பர் பேங்க் பேப்பர்ல இருக்கு. கார்டைக் காணோம். தேதி?

செல்வி: ஆதார்ல 1954னு வருஷம் மட்டும்தான் இருக்கு

முருகேசன்: அம்மா பிறந்தநாள் யாருக்காவது தெரியுமா

குமார்: …

செல்வி: நமக்கெல்லாம் பாயசம் வச்சாங்க. அவங்களுக்கு நாம ஒரு தடவையும் வைக்கல

கூடலூர் மாமா: அக்கா தை மாசம் பிறந்தவ. மாட்டுப்பொங்கல். இலங்கையில ஹட்டன் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டுல. எங்கம்மா சொல்லும்

குமார்: தை மாசத் தேதி ரெண்டு மூணு போட்டுப் பாத்துட்டேன் மாமா. திறக்கல

கூடலூர் மாமா: அது நிஜத் தேதி. பத்திரத்துல வேற. கண்டியில பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பாவுக்கு வருஷம்தான் தெரியும். எழுதினவரே ஒரு தேதி போட்டார். அந்தப் பாஸ்போர்ட்டோடதான் தலைமன்னார்ல கப்பல் ஏறினோம், ராமேஸ்வரம் இறங்கி மண்டபம் கேம்ப். ட்ரங்குப் பெட்டியில இருக்கணும். பாக்குறேன்

முருகேசன்: டெபாசிட் எவ்வளவுன்னு கேட்டேன்

குமார்: அப்பா பணம்ணே. அம்மாதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க

முருகேசன்: நான் யாரோவா

முருகேசன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: திதிக்கு பவானி கூடுதுறையா, வீட்டுலயேவா? மேட்டுப்பாளையம் இறங்க வண்டி சொல்லணும்

கூடலூர் மாமா: கிடைச்சிருச்சு. 01.07.1954. போட்டோவுல பதினெட்டு வயசு, ரெட்டைச் சடை

செல்வி: படம் போடுங்க மாமா

குமார்: திறந்திடுச்சு. ரெண்டு கட்டம் இருக்கு, நாம சொன்ன கணக்கு, அவங்க போட்ட கணக்கு. ரெண்டும் ஒண்ணுதான். ரீஃபண்ட் 4,860

விக்கி: அப்ப வரி பாக்கி ஒண்ணும் இல்ல. ஆனா அம்மாச்சி அக்கவுண்ட் மூடியாச்சுல்ல, பணம் திரும்பிப் போயிடும். யாராவது ஒருத்தர் போர்ட்டல்ல வாரிசா பதிவு பண்ணணும். அம்மாச்சி பான், இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்குற வாரிசுச் சான்று வேணும். அதுக்கப்புறம் ரீஃபண்டை மறுபடி கேக்கலாம். பதில் எதுன்னாலும் போர்ட்டல்லதான், மெயில்ல இல்ல

குமார்: வாரிசுச் சான்றுக்கு மூணு பேரும் வேணும்

முருகேசன்: பாப்போம்

செல்வி: 4,860 வந்தா அதுல அன்னதானம் போடலாம்ணே. அம்மா பேர்ல

முருகேசன்: அரவேணுல கரண்ட் இல்ல. சாயங்காலம் பேசுறேன்

குமார்: திங்கக்கிழமை தாலுகா ஆபீஸ் போலாமா

செல்வி: அந்தப் படம் மாமா

கூடலூர் மாமா: படம்