அமில மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கூடுவது ஏன்?

கேள்வி:
இரண்டு மண் மாதிரிகள். ஒன்றின் பிஎச் 5.3, மற்றதன் பிஎச் 7.2. 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கிலோவுக்கு 100 மி.கி. நைட்ரேட்-நைட்ரஜன் சேர்த்து, எடைக்கணக்கில் 25% ஈரத்தில் மூடிய குடுவைகளில் வைத்திருக்கிறேன். அமில மண்ணில் நைட்ரேட் மெதுவாகத்தான் குறைகிறது. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு அதில்தான் அதிகம். அளவீட்டில் பிழையா?

பதில் 1:
பிழை என்று தோன்றவில்லைங்க. மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் படிப்படியாகக் குறைத்து, நைட்ரஸ் ஆக்சைடு வழியாகக் கடைசியில் நைட்ரஜன் வாயுவாக்குகின்றன. அதன் வேகம் வேறு, கடைசிப் படி வரை போகிற பங்கு வேறு. நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் நொதி தாமிரம் கொண்டது. பிஎச் 6க்குக் கீழே போனால் அதன் மரபணு படியெடுக்கப்பட்டாலும் நொதி ஒழுங்காக உருவாவதில்லை. அதனால் வாயு பாதியிலேயே வெளியேறிவிடுகிறது. 100 மி.கி. நைட்ரேட்டும் தாராளம். நைட்ரேட் மிகுந்திருக்கும்போது நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடை அவ்வளவாகத் தொடுவதில்லை. 20 மி.கி. வைத்து ஒரு முறை செய்து பாருங்கள். பூஞ்சைகளையும் மறக்க வேண்டாம், அவற்றிடம் இந்த நொதி கிடையாது.

பதில் 2:
25% ஈரம் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. துளைவெளியில், அதாவது மண்துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில், எவ்வளவு நீர் என்பதுதான் கணக்கு: எடை ஈரத்தைப் பரும அடர்த்தியால் (துளைகளையும் சேர்த்த மண்ணின் அடர்த்தி, கிராம்/க.செ.மீ.) பெருக்கி, (1 − அடர்த்தி/2.65) ஆல் வகுக்க வேண்டும். 2.65 என்பது மண்துகளின் அடர்த்தி. அடர்த்தி 1.3 என்றால் 64%. அதே மண்ணைத் தளர்வாக 1.1க்கு நிரப்பினால் 47% தான். அங்கே வருவது பெரும்பாலும் நைட்ரிஃபிகேஷன் (அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது) வழியாக வரும் வாயு. 80% தாண்டினால் நைட்ரஜனாக முடிவது கூடும். ஆகவே இரண்டு மண்ணையும் ஒரே துளைவெளி நீர் அளவுக்குத் தட்டி நிரப்புங்கள்.

குடுவையை நாள் முழுக்க மூடி வைக்காதீர்கள். ஆக்சிஜன் தீர்ந்துபோகும், தேங்கிய நைட்ரஸ் ஆக்சைடையும் மண்ணே திரும்ப உறிஞ்சும். அளக்கும்போது மட்டும் மூடி 0, 20, 40, 60 நிமிடங்களில் வாயு எடுங்கள். கோடு வளைந்தால் தொடக்கச் சரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நைட்ரஸ் ஆக்சைடும் நைட்ரஜனும் சேர்ந்த மொத்த அளவை அறிய, கடைசிப் படியைத் தடுக்கும் அசிட்டிலின் வாயுவைக் குடுவையில் 10% விடலாமா?

பதில் 3:
விடலாம், சில மணி நேரத்துக்கு மட்டும். முதலில் நைட்ரஜனோ ஹீலியமோ செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். ஆக்சிஜன் மிஞ்சினால் அசிட்டிலின், நைட்ரஸ் ஆக்சைடுக்கு முந்தைய படியான நைட்ரிக் ஆக்சைடை வேறு திசையில் திருப்பி, கணக்கைக் குறைத்துக் காட்டும். சிலிண்டர் வாயுவில் அசிட்டோன் கலந்திருக்கும், அது நுண்ணுயிருக்குத் தீனி. அடர் கந்தக அமிலத்தில் கழுவிய பிறகே செலுத்துங்கள். ஈரக் களிமண்ணில் அசிட்டிலின் உள்ளே போகாமல் நின்றுவிடும், அங்கே மண்ணை நீரில் கரைத்துக் குலுக்கி வையுங்கள். அசிட்டிலின் இல்லாத குடுவையின் அளவை உள்ள குடுவையின் அளவால் வகுத்தால் நைட்ரஸ் ஆக்சைடின் பங்கு கிடைக்கும். தாமிரக் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதில் உருவாகும் அசிட்டிலைடு வெடிக்கக்கூடியது.