வீட்டுக்காரிய மதுரை சென்டர்ல இருந்து கூட்டிட்டு வரணும், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

சின்னப்பாலம் வல்லம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு பாம்பன் சின்னப்பாலம். வீட்டுக்காரிக்கு 54 வயசு, பக்கவாதம் வந்து வலது கை கால் வெளங்காம போச்சு. மதுரையில நர்சிங் கேர் சென்டர்ல சேத்து 40 நாளாச்சு. மூக்குல போட்ட டியூப்ப எடுத்துட்டாங்க, கஞ்சி விழுங்குறா, யூரின் டியூப் மட்டும் இருக்கு. வர்ற திங்கக்கிழமை கூட்டிட்டுப் போங்கங்குறாங்க. தீவுப்பக்கம் முங்கி கடல்பாசி எடுத்தவ, வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறையில இருந்து பிச்செடுப்பா, இப்ப அந்தக் கையால போர்வையக்கூட இழுக்க முடியல. பேச்சு கொளறுது, "வீட்டுக்கு"ங்குற வார்த்தை மட்டும் தெளிவா வருது. எனக்கும் ஆசதான், ஆனா வீடு கடக்கரை மணல்ல இருக்கு, கக்கூஸ் வெளிய, நான் ராத்திரி 2 மணிக்கு கடலுக்கு எறங்குனா மதியந்தான் கரை சேருவேன், மகன் விசைப்படகுல போறான், மகளை உச்சிப்புளியில கட்டிக் குடுத்துருக்கு. இவள யாரு பாக்குறது?

தேவிபட்டினம் அக்கா:
அண்ணே, 2022ல என் வீட்டுக்காரர இப்படித்தான் கூட்டிட்டு வந்தேன், நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணிராதீங்க. சென்டர்ல எல்லாத்தையும் அவங்களே செஞ்சாங்க, நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், வீட்டுக்கு வந்த மொத ராத்திரி அவர எப்படித் திருப்புறதுன்னே தெரியல, ஒரு வாரத்துல இடுப்புக்குக் கீழ செவந்து புண்ணாயிருச்சு, அது ஆற ரெண்டு மாசம் ஆச்சு. திங்கக்கிழமைக்கு முன்னாடி நீங்களும் மகளும் ரெண்டு ராத்திரி அங்கயே தங்குங்க. திருப்புறது, தொடைக்கிறது, சேர்ல உக்கார வைக்கிறது எல்லாம் உங்க கையால செய்யுங்க, தப்பா செஞ்சா அவங்க சொல்லிக் குடுக்கட்டும். அப்புறம் மணல். யாரு கட்டில்ல உக்காந்தாலும் காலோட மணல் வந்துரும், விரிப்புல கெடந்து தோல அறுத்துரும், ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் உதறணும். ஏர் பெட் வாங்குனா கரண்ட் போனா காத்து எறங்கிரும், அடியில நல்ல மெத்தை போட்டு வைங்க. வீல்சேர் மணல்ல ஓடாது, வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் பலகை போடணும், கட்டிலுக்குப் பக்கத்துல கமோடு சேர் ஒண்ணு வாங்கிப் போடுங்க.

ஸ்டாஃப் நர்ஸ் ராம்நாடு:
அக்கா சொன்னது ரொம்ப சரி. 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும், செவந்த எடத்தத் தேய்க்கக் கூடாது. வெளங்காத கையப் பிடிச்சு மட்டும் தூக்கிராதீங்க அண்ணே, தோள்மூட்டு எறங்கிரும், எல்லாரும் பாசத்துல அதத்தான் செய்றாங்க. கஞ்சி குடுக்கும்போது நிமித்தி உக்கார வைங்க, குடிச்சப்புறம் அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க, இருமுனா நிறுத்திருங்க. யூரின் பேக் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையில படக்கூடாது. காய்ச்சல் வந்தாலோ, பேக்ல யூரின் எறங்கலைன்னாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல இப்பவே போய்ச் சொல்லி வைங்க, 2021ல வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்குற அரசுத் திட்டத்துல பிசியோதெரபி, பிரஷர் சுகர் மாத்திரை எல்லாம் வீட்டுக்கே வரும்.

மண்டபம் தம்பி:
அண்ணே, திங்கக்கிழமையே எதுக்கு? ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, உங்க மகன் கரையிலதான இருப்பான். ரெண்டு வாரம் தள்ளிக் கேளுங்க, ராத்திரி முறைக்கு ஆள் ஆச்சு. 108 அவசரத்துக்குத்தான், வீட்டுக்கு வர வண்டி தனியாப் பேசணும். வழியில பரமக்குடியில நிப்பாட்டி ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்க.

சின்னப்பாலம் வல்லம்:
சென்டர்ல கேட்டேன், 15ஆம் தேதி வரைக்கும் இருங்கன்னுட்டாங்க. காசு சேந்துதான் ஆகும், பரவால்ல. நேத்து ராத்திரி நானே ரெண்டு தடவ திருப்புனேன், மகளும் கூட இருந்துச்சு. நர்ஸம்மா வந்து பாத்துட்டு முதுகுப் பக்கம் வச்ச தலகாணிய மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுட்டுப் போனாங்க.